வானிலையா, காலநிலையா?

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில் எமது அயல்வீட்டுச் சிறுவன் புவியியற் கொப்பியுங் கையுமாக வந்து விறாந்தைப் படியில் நின்றான். முகம் வாடியிருந்தது. காரணம் விசாரித்தோம். "இன்றைய காலநிலை மழையுடையதாகும்" என்று அவன் எழுதிய வாக்கியத்தின் கீழே ஆசிரியர் சிவப்பு மையினாற் கோடிழுத்து, "வானிலை" என்று திருத்தியிருந்தார். அரைப் புள்ளி போயிற்று.

"ரெண்டும் ஒண்டுதானே, மாமா?" என்று கேட்டான். நாம் வாய் திறக்குமுன்னரே, தன் கட்சிக்குச் சாட்சியாக மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டொன்றையும் நீட்டினான். "சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகளுக்கு விடுமுறை" என்பது அதன் தலைப்பு. "பேப்பரிலை இப்பிடித்தானே போடுறாங்கள்?"

பத்திரிகையிலே எழுதுவோராகிய எமக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆசிரியர் திருத்தியதே சரி. ஆயினும் சிறுவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பெரியவர்கள் நாள்தோறும் குழப்பியடிக்கும் இரு சொற்களைச் சிறுவன் ஒருவன் குழப்பினால், அவனுக்கு மாத்திரம் அரைப் புள்ளியைக் குறைப்பது எவ்வாறு பொருந்தும்? அன்று அவனுக்குக் கூறியவற்றையும், சிறுவனுக்கு ஏன் என்று கூறாது விட்டவற்றையும் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணினோம்.

வானிலை என்பது இன்று, இவ்விடத்தில், இந்நேரத்தில் வானமும் காற்றும் இருக்கும் நிலை. காலையில் வெயிலெறிந்து மாலையில் மழை கொட்டினால், ஒரே பகலில் வானிலை இரு முறை மாறிவிட்டது என்பதே பொருள். காலநிலை அவ்வாறு ஒரு பொழுதில் மாறும் பொருளன்று. ஓரிடத்தின் மழையையும் வெயிலையும் காற்றையும் பல்லாண்டுகளாக அளந்து, கூட்டிப் பிரித்துக் கண்ட இயல்புதான் காலநிலை. உலக வளிமண்டலவியல் நிறுவனத்தார் இதற்கு முப்பது ஆண்டுக் கணக்கொன்றை வழக்கமாக வைத்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை பெய்யும், அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்துவிடும் என்பது காலநிலை. நேற்றைக்கு உடுப்பு உலரவில்லை என்பது வானிலை.

சிறுவனுக்கு இதனை வேறொரு விதமாகச் சொன்னோம். "உன் அப்பா இன்றைக்குக் கோபமாக இருக்கிறார் என்றால் அது வானிலை, உன் அப்பா கோபக்காரர் என்றால் அது காலநிலை." அவன் உடனே விளங்கிக்கொண்டதோடு, தன் தந்தையார் எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதையும் தாழ்ந்த குரலில் எமக்குத் தெரிவித்தான். அதனை இங்கே எழுதுவது அயலவர் உறவுக்கு ஏற்றதன்று.

எமது சகோதர மொழியாகிய சிங்களத்திலே இவ்வேறுபாடு சொல்லிலேயே அழகாக அமைந்து கிடக்கின்றது. வானிலைக்கு அவர்கள் 'காலகுணய' என்பார்கள். காலநிலைக்குத் 'தேசகுணய' என்பார்கள். காலத்தின் குணம் ஒன்று, தேசத்தின் குணம் மற்றொன்று. இந்நாட்டுத் தமிழில் 'காலநிலை' என்னும் சொல் அன்றாட மழை வெயிலுக்கும் ஆளப்படுவதற்கு, பக்கத்திலே 'காலகுணய' என்னும் சொல் ஓயாது ஒலித்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணமாகலாம் என்று எமக்குத் தோன்றுகிறது. இது எம் ஊகமே. எங்கள் பாட்டன்மார் 'சுவாத்தியம்' என்றார்கள். அச்சொல்லிலே தேகசுகமும் கலந்திருந்தது. "நுவரெலியா நல்ல சுவாத்தியமான இடம்" என்றால், அங்கே குளிரும் உண்டு, உடம்புக்கும் நல்லது என்று இரண்டும் விளங்கும். பின்னர் 'சீதோஷ்ணம்' வந்தது. சீதமும் உஷ்ணமும் சேர்ந்த சொல். அதிலே குளிரும் வெப்பமும் உண்டு, மழை இல்லை. மழை இல்லாத ஒரு சொல்லால் எங்கள் நாட்டு வானத்தை எவ்வாறு கூறுவது?

இங்கேதான் எமக்கு இவ்விடயத்திற் சுவை பிறந்தது. வானிலையைக் குறிக்க ஆங்கிலேயர் ஆளும் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், அது காற்று வீசுதல் என்னும் கருத்திலே போய் முடிகின்றது. கப்பலோட்டிகள் இன்றும் கப்பலிற் காற்று வந்து மோதும் பக்கத்தை அச்சொல்லாலேயே குறிப்பர். பாய்க்கப்பலில் உலகைச் சுற்றிய மக்களுக்கு வானத்தைப் பற்றி முதலில் அறியவேண்டியது காற்றுத்தானே! பிரெஞ்சு மொழியில் காலத்துக்கும் வானிலைக்கும் ஒரே சொல். தமிழருக்கோ வான் என்றால் மழை. திருக்குறளில் 'வான் சிறப்பு' என்று ஓர் அதிகாரம் உண்டு. அது விண்மீன்களின் சிறப்பைப் பற்றியதன்று, மழையின் சிறப்பைப் பற்றியதென்பது மாணவர் யாவரும் அறிந்ததே. "மழை விட்டும் தூவானம் விட்டபாடில்லை" என்று வீட்டிலே சொல்லுகிறோம். அந்தத் தூவானத்திலும் வானம் மழையாகவே தூவுகின்றது. குளத்து நீரோ கிணற்று நீரோ இன்றி மழையையே நம்பி விதைக்கும் செய்கைக்கு 'மானாவாரி' என்று பெயர். 'வானவாரி' என்பதே அவ்வாறு மருவியது என்பர். வானத்தைப் பார்த்தவன் கண்டது நீலத்தையன்று, நீரை.

எங்கள் ஆச்சி 'வானிலை' என்ற சொல்லைத் தம் ஆயுளில் ஒருமுறையேனும் உச்சரித்ததை நாம் கேட்டதில்லை. "மானம் கறுக்குது, பாயைச் சுருட்டு" என்பார். முற்றத்திலே காயும் நெல்லோ ஒடியலோ அடுத்த நிமிடம் உள்ளே வந்துவிடும். வானொலியில் நாள்தோறும் செய்தி முடிவிலே வானிலை அறிக்கை வாசிக்கப்படும்போது அவர் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவார். அவருடைய அறிக்கை ஆறு சொல்லுக்கு மேற்பட்டதில்லை. ஆனால் அதிலே நிலைமையும் இருந்தது, செய்ய வேண்டிய காரியமும் இருந்தது. வாசகர்கள் இதனைச் சற்றே மனத்திற் கொள்ளுக. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

காற்றுக்கும் எம்மவரிடம் சொற்கள் இல்லாமலில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று பழைய நூல்கள் வகுத்தன. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை தன் பெயரிலேயே வாடையை ஏந்தி நிற்கின்றது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அந்நாளிற் கோடை என்று பெயர். இன்று யாழ்ப்பாணத்திற் கோடை என்றால் வறண்ட காலம். காற்றின் பெயர் காலத்தின் பெயராகிவிட்டது. தென்மேற்கிலிருந்து வரும் காற்றைக் கடற்றொழிலாளர் சோழகம் என்பர். மட்டக்களப்பிலே ஆனி, ஆடியில் வீசும் வறண்ட மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். இதனைச் சொன்னபோது எமது அயல்வீட்டுச் சிறுவன், "கச்சான் எண்டால் கொறிக்கிறதெல்லோ?" என்று சிரித்தான். அவனுடைய தலைமுறைக்குக் கச்சான் காற்றாக வீசுவதில்லை; கடதாசிச் சுருளிலே விற்கப்படுகின்றது.

வானத்தை முன்கூட்டிச் சொல்லும் தொழிலுக்குப் பெயரிட்ட கதையும் கூறத்தக்கது. சாள்ஸ் டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவராயிருந்த றொபேட் பிற்ஸ்றோய் என்பவர், 1854 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வானிலை அலுவலகத்துக்குப் பொறுப்பானார். 1859 இல் 'றோயல் சாட்டர்' என்னும் கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையோரத்தில் புயலில் அகப்பட்டு உடைந்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். முன்கூட்டியே கரைக்கு அறிவித்திருந்தால் உயிர்களைக் காத்திருக்கலாமே என்று பிற்ஸ்றோய் வருந்தினார். 1861 இல் புயலெச்சரிக்கைகளைத் தொடங்கி, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து பத்திரிகையிலும் நாளாந்தம் வானிலைக் குறிப்பை வெளியிட்டார். இதனைத் தீர்க்கதரிசனம் என்று எவரும் மயங்கலாகாது என்பதிலே அவர் மிகக் கண்டிப்பாயிருந்தார். கணித்துக் கூறுவது என்னும் கருத்துப்பட ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்து ஆண்டார். எமது நாட்டுத் தமிழறிஞர் அதற்கு 'எதிர்வுகூறல்' என்று பெயர் வைத்தனர். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் இலக்கணத்து எதிர்வுதான் அது. தமிழ்நாட்டார் 'முன்னறிவிப்பு' என்பர். எமக்கு எதிர்வுகூறலே மேலாகத் தோன்றுகிறது. அறிவிப்பு என்றால் முடிந்த முடிபுபோல் ஒலிக்கின்றது. கூறல் என்பதிலே தவறவும் இடமுண்டு.

இனி, அரைப் புள்ளியோடு போகாத காரியத்துக்கு வருவோம்.

வங்காள விரிகுடாவிலே சுழன்றெழும் பெருங்காற்றுக்கு இக்கரையில் நாம் இட்ட பெயர் சூறாவளி. அக்கரையில் அதன் பெயர் புயல். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 ஆந் திகதிகளில் வந்தது ஒன்றே. எங்கள் வடபகுதியைக் கலக்கி, மன்னாரை அலைக்கழித்து, பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்தது. புகையிரதம் ஒன்று அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 தொடங்கி நடந்த கப்பற் போக்குவரத்தும் அந்த இரவோடு அத்துறையை இழந்தது. ஒரே காற்று; இக்கரையிற் சூறாவளி, அக்கரையிற் புயல்.

சொற்களைப் பிரித்துப் பாருங்கள். சூறையும் வளியும் சேர்ந்தது சூறாவளி: சூறையாடும் காற்று. முழுக்க முழுக்கக் காற்றின் சொல். புயல் என்பதோ ஆதியிற் காற்றையே குறிக்கவில்லை. மேகத்துக்கும் மழைக்கும் அது பெயர். நாம் முன்னர்க் கூறிய வான் சிறப்பு அதிகாரத்திலே 'புயல்' மழை என்னும் பொருளிலேயே வருகின்றது. ஆகவே, ஒரு கரையார் அதன் காற்றைக் கண்டு பெயரிட்டனர். மறுகரையாரின் சொல்லிலே அதன் நீர் ஒளிந்திருக்கின்றது. இன்று புயல் என்று கூறும் எவருக்கும் அந்த நீர் நினைவில் வருவதில்லை என்பது வேறு.

காற்றா, நீரா என்னும் இக்கேள்வி புலவர்களுக்குரிய கேள்வியன்று. 1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி உண்மையிலேயே சூறையாடும் வளி. தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்த இரவைக் கண்டவர்களுக்குச் சூறாவளி என்றால் இன்றும் காதிலே காற்றின் ஓலந்தான். அந்த நினைவு எங்கள் சமூகத்தின் நெஞ்சிலே ஆழமாகப் பதிந்துவிட்டது. சூறாவளி என்றால் அஞ்சுவோம்; சூறாவளி அன்று என்றால் ஆறுதலடைவோம்.

2025 நவம்பர் மாதக் கடைசியில், பதுளை மாவட்டத்து மலைத்தோட்டமொன்றில் வசிக்கும் எமது பழைய நண்பர் ஒருவருடன் தொலைபேசியிற் பேசினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவர். மழை எப்படி என்று கேட்டோம். "பயப்படாதீங்க, சூறாவளி இல்லையாம், வெறும் தாழமுக்கம்தானாம்" என்றார். எமக்கும் மனம் இலேசாயிற்று. ஆம், நாமும் அதனை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டோம். அன்றிரவு முழுவதும் மழை ஓயவில்லை. விடிவதற்குச் சற்று முன்னர், மலை முனகுவது போல ஒரு சத்தம் கேட்டதாம். பிள்ளைகளையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினார்கள். பொழுது புலர்ந்து திரும்பிப் பார்த்தபோது, வீட்டின் சமையலறை இருந்த இடத்திலே மண் நின்றது. "நாப்பது வருசம் பாடம் சொல்லிக் குடுத்தேன், அந்த 'வெறும்' எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியல" என்று பின்னர் அவர் எமக்குச் சொன்னார். அந்த 'வெறும்' எந்த அறிக்கையிலும் இருந்ததன்று. அவருடைய மனமும் எம்முடைய மனமும் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தாழமுக்கமே பின்னர் வலுத்து 'டித்வா' என்று பெயர் பெற்றது. ஆனால் பெயர் பெறுமுன்னரே மலைநாட்டில் மண் சரியத் தொடங்கிவிட்டது. எல்லாம் முடிந்து கணக்கெடுத்தபோது இந்நாட்டில் 600 க்கு மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. அவர்களிற் பெரும்பாலானோரைக் கொன்றது காற்றன்று, வெள்ளமும் மண்சரிவுமே. இது முதன்முறையுமன்று. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலே மலை சரிந்து குடியிருப்புகளை மூடியது 17 ஆந் திகதி. அம்மழையைக் கொணர்ந்த தாழமுக்கம் 'றோனு' என்னும் சூறாவளியாகப் பெயர் சூட்டப்பட்டது 19 ஆந் திகதி. மண்ணுக்கடியிலே போனவர்கள் சூறாவளி என்ற சொல்லைக் கேட்கவேயில்லை.

ஏன் இவ்வாறு? இப்பெயர்கள் எல்லாம் காற்றின் வேகம் ஒன்றையே அளவாகக் கொண்டு சூட்டப்படுபவை. வங்காள விரிகுடாவுக்குரிய வகுப்பின்படி, சுழலும் காற்று மணிக்கு 31 முதல் 50 கிலோமீற்றர் வரை வீசினால் அது தாழமுக்கம். அதற்கு மேற்போனால் ஆழ்ந்த தாழமுக்கம். 62 கிலோமீற்றரளவைத் தாண்டினால் மாத்திரமே சூறாவளி என்னும் பட்டமும் அதற்கென்று ஒரு பெயரும் கிடைக்கும். எவ்வளவு மழையைச் சுமந்து வருகின்றது என்பதற்கு இவ்வரிசையில் இடமே இல்லை. மெல்லச் சுழன்று, ஓரிடத்திலேயே தங்கி, இரவு பகலாக மலையிலே நீரைக் கொட்டும் தாழமுக்கம் வேகமாகக் கடந்து செல்லும் சூறாவளியிலும் பார்க்க அதிக நாசம் செய்யலாம். கடலோடிகள் வகுத்த வரிசை அது. கடலிலே காற்றுத்தான் எமன். மலையடிவாரத்திலே குடியிருப்பவனுக்கு எமன் நீர். தமிழ்நாட்டு வானொலி கேட்போர் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று இதனையே கேட்பர். 'தாழ்வு' என்னும் ஒலியே அபாயத்தைத் தாழ்த்திவிடுகின்றது. அமுக்கந்தான் தாழ்ந்தது, அபாயம் தாழவில்லை.

ஆதலின் இனிமேல் அறிக்கையைக் கேட்கும்போது பட்டப்பெயரைக் கேட்டு நின்றுவிடாமல் இலக்கத்தைக் கேட்கவேண்டும் என்று எமது வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். "சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழைவீழ்ச்சி" என்று அறிக்கையில் அடிக்கடி வருகின்றது. நூறு மில்லிமீற்றர் என்றால் ஏறக்குறைய ஐந்து விரற்கிடை. அது ஒரு மழையா என்று நினைப்பவர் பலர். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கிலே, எமது ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். நூறு மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தச் சிறு வளவுக்குள் மாத்திரம் 25,000 லீற்றருக்கு மேற்பட்ட நீர் வந்து விழுகின்றது. ஓர் ஏக்கருக்கு நான்கு இலட்சம் லீற்றர். அத்தனையும் ஒரு மலைச்சரிவிலே இறங்கி, மண்ணுக்குள் ஊறி, அதன் பாரத்தைக் கூட்டிப் பிடியைத் தளர்த்தினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இருபத்துநான்கு மணி நேரத்து மழையைக் கொண்டே படிகளை வகுத்திருக்கின்றனர்: 75 மில்லிமீற்றரை எட்டினால் மஞ்சள், 100 இல் செம்மஞ்சள், 150 இல் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறுதல்.

அறிக்கை எழுதுவோரிடமும் எமக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. "மிகுந்த அவதானத்துடன் இருக்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்பது எமது செவிக்குப் பழகிப்போன வாக்கியம். அவதானத்துடன் இருப்பது என்றால் என்ன செய்வது? விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விழித்திருப்பதா? கதவைப் பூட்டுவதா, திறப்பதா? கோயில் மண்டபத்துக்குப் போவதா? "மானம் கறுக்குது, பாயைச் சுருட்டு" என்ற எங்கள் ஆச்சியின் அறிக்கையிலே காரியம் இருந்தது என்று முன்னர்ச் சொன்னோமே, அது இதற்காகத்தான். "இன்றிரவு சரிவிலே தூங்காதீர்கள்" என்று மூன்று சொல்லில் எழுதினால் திணைக்களத்தின் கௌரவம் குறைந்துவிடாது. அத்துடன், அந்த மூன்று சொல்லும் தமிழ் வாசிப்போருக்கு மற்றையோருக்குக் கிடைக்கும் அதே நேரத்திற் கிடைத்தல் வேண்டும். மழை, மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருப்பதில்லை.

சிறுவனுக்கு இவற்றில் எதையும் நாம் கூறவில்லை. அவன் கேட்டது வேறு. "அப்ப காலநிலை மாற்றம் எண்டு சொல்லுறது பிழையோ?" என்றான். பிழையன்று, அங்கேதான் அச்சொல் தன் உரிய ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றது. மார்கழியில் இரண்டு நாள் கடுங்குளிர் அடித்தவுடன், "உலகம் சூடாகுது எண்டாங்கள், எங்கை சூடு?" என்று தேநீர்க் கடையிலே வழக்காடுவோர் உண்டு. அவர்கள் வானிலையைக் கொண்டு காலநிலையை அளப்பவர்கள். ஒருநாள் சிரித்த முகத்தைக் கண்டு கோபக்காரனைச் சாந்தசொரூபி என்று சாதிப்பவர்கள். மறுபுறத்தில், ஒரு மாலை மழைக்கு வாய்க்கால் நிரம்பிவிட்டால் அதற்கும் காலநிலை மாற்றத்தையே குற்றஞ்சாட்டுவோரும் உண்டு. வாய்க்காலிலே அடைத்திருந்த பொலித்தீன் பைகளுக்கு அதிலே பங்கில்லைப்போலும்!

2024 ஆம் ஆண்டு, கைத்தொழில் யுகத்துக்கு முற்பட்ட நிலையிலும் பார்க்க உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 1.55 பாகை செல்சியஸ் கூடியிருந்ததாக உலக வளிமண்டலவியல் நிறுவனம் அறிவித்தது. 1.5 பாகையைத் தாண்டாதிருக்க முயல்வோம் என்று 2015 இல் பாரிஸ் நகரில் நாடுகள் உடன்பட்டிருந்தமையால், எல்லை மீறப்பட்டுவிட்டதென்று பலர் எழுதினர். ஓர் ஆண்டைக் கொண்டு அவ்வாறு கூறலாகாது, பல்லாண்டுச் சராசரியே கணக்கு என்று அறிஞர் விளக்கம் கூறவேண்டியதாயிற்று. எமது சிறுவன் இழந்த அரைப் புள்ளியை அன்று உலகத்துப் பத்திரிகைகள் பலவும் இழந்தன. ஆயினும் மழையைப் பொறுத்தவரை ஒன்று திடமானது: காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கவல்லது. தாங்கியதை அது ஒருநாள் இறக்கியே தீரும்.

இத்தனையும் கேட்ட சிறுவன் அடுத்த நாள் எமது வளவுக்கு வந்து, நேரான சுவருடைய பழைய பிஸ்கற் பேணி ஒன்றை மரநிழல் படாத இடத்திலே கல்லடுக்கி நிறுத்தினான். வளிமண்டலவியல் திணைக்களத்தார் மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கின்றனர் என்று நாம் சொன்னதைக் கேட்டு, பாடசாலையில்லாத நாட்களில் அதே நேரத்துக்கும் மற்ற நாட்களிற் புறப்படுமுன்னரும் வந்து அடிமட்டத்தை விட்டு அளந்து கொப்பியிலே குறித்துக்கொள்கிறான். கொப்பியின் முதற்பக்கத்தில் 'காலநிலை' என்று எழுதி, வெட்டி, 'வானிலை' என்று எழுதியிருக்கிறான். நேற்றுக் காலை 23 மில்லிமீற்றர். இன்று காலை பேணிக்குள்ளே நீர் இல்லை. இரண்டு எறும்புகளும் ஒரு வேப்பம்பூவும் இருந்தன. அவற்றையும் எழுதுவதா என்று கேட்டுக்கொண்டு நின்றான்.